ஏற்காட்டுக்கு எந்த ஒட்டுக்கதை?

மே மாதம் கோடை விழாக் கூட்டம் சேர்வதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழு பேர் ஏற்காடு போவது வழக்கம். மற்ற மாதங்களில் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மொட்டை மாடியில் கூடுவோம். ஒரு புத்தகம், ஆளுக்கு ரெண்டு தட்டுவடை செட்டு, டீ, அவ்வளவுதான். மலைக்கு எடுத்துப் போகும் புத்தகத்துக்கு மட்டும் ஒரு விதி உண்டு: ஏதாவது ஒரு படத்தையோ, டி.வி. தொடரையோ, விளையாட்டையோ ஒட்டி எழுதப்பட்ட அறிவியல் புனைவாகவோ மாயக்கதையாகவோ இருக்க வேண்டும். டை-இன் என்பார்கள். எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் முதல் வருடமே அதற்கு ஒட்டுக்கதை என்று பெயர் வைத்துவிட்டார். கேலியாகத்தான் வைத்தார். "வேர் ஒருத்தனுது, காய் இன்னொருத்தனுது" என்றார். மாம்பழத்துக்குப் பேர்போன ஊரில் ஒட்டுச்செடி என்பது வசை இல்லையே. பெயர் நிலைத்துவிட்டது.

இந்த வருடம் ஐந்து புத்தகங்கள் போட்டியில் நின்றன. மார்ச் மாதமே தேர்வைத் தொடங்கிவிட்டோம். காரணம், ரெண்டு பிரதிதான் வாங்குவோம், அதுவும் பங்கு போட்டு. ஏழு கைகள் மாற வேண்டும். ஐந்துமே ஆங்கிலம்; அது சரளமாக ஓடுகிறவர்கள் எங்களில் மூன்று பேர். தமிழாசிரியர் ஐயா அகராதியோடு உட்காருவார். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தம்பி, ராத்திரி முழுக்க விளையாட்டுகளில் கிடப்பவன். எந்த உலகத்தின் எந்தப் போர் எந்த ஆண்டு நடந்தது என்று கேட்டாலும் சொல்லுவான். ஐயாவோ, ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் படவரிசையைச் சொன்னால் "யாரு நடிச்சது?" என்று கேட்பவர். இந்த ரெண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் பற்றி ஒரு மதியம் முழுக்கப் பேச வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் ஐம்பது பக்கத்தை எல்லோரும் படிப்பது என்று வைத்துக்கொண்டோம். நானும் தம்பியும் ஐந்தையும் முழுதாகவே படித்துவிட்டோம். இதில் ஒரு விஷயம் தெளிவாயிற்று. படத்தைப் போலவே இருக்கிறதா என்ற கேள்வி இந்த வகைப் புத்தகங்களுக்குப் பயன்படவே இல்லை. முடிவு தெரிந்த கதைக்குள் எழுதுகிறவர் தனக்கென்று எவ்வளவு இடம் பிடித்துக்கொண்டார் என்று பார்ப்பதுதான் உதவியது.

இதை ஐயாவுக்குப் புரியவைக்க நான் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. அவர் சின்ன வயதில் அவருடைய அப்பத்தாவுக்குப் பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையை ராகம் போட்டு வாசித்துக் காட்டியவர். வியாச பாரதத்தில் அல்லி என்று ஒருத்தி இல்லை. மதுரையை ஆண்ட அல்லியும், அவளை வளைக்க அர்ச்சுனன் போட்ட வேஷங்களும், அவர்கள் மகன் புலந்திரனும் நம் ஊர்க்காரர்கள் பாரதத்தில் ஒட்டுப்போட்டு வளர்த்தவை. ஊரில் எவனாவது எழுந்து, இது மூலத்தில் இல்லையே என்று கேட்டானா? அல்லி நிற்கிறாள். ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ சரி, குடு பார்க்கலாம்" என்றார்.

முதலில் எளிதில் கழிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கேரி ரஸ்ஸல் எழுதிய 'தி ஸ்டார் பீஸ்ட்', டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் டி.வி. தொடரின் அறுபதாம் ஆண்டை ஒட்டி 2023 நவம்பரில் ஒளிபரப்பான கதையின் நாவல் வடிவம். ஐந்தில் இதுதான் ஒல்லி. ஒரே நாளில் முடித்துவிடலாம். இதன் வம்சாவளிதான் வேடிக்கை: 1980-இல் டாக்டர் ஹூ வார இதழில் படக்கதையாக வந்தது, நாற்பது வருடம் கழித்து டி.வி.க்குப் போனது, அங்கிருந்து புத்தகத்துக்கு வந்தது. ஒட்டுக்கு மேல் ஒட்டு. பஞ்சுப் பொதி போலக் கண்ணை உருட்டும் ஒரு பிராணியைக் காப்பாற்றப் போய், அதுதான் கொடூரமான ஆள் என்று தெரியவருகிறது. கல்லூரியில் படிக்கும் எங்கள் தங்கச்சிக்கு ரொம்பப் பிடித்தது. எனக்கும் பிடித்தது. ஆனால் திரையில் ஓடியதை வேகமாகவும் அழகாகவும் திருப்பிச் சொல்வதோடு நின்றுவிடுகிறது.

அது இந்த வகையின் பழைய மரபுதான், குறை சொல்ல முடியாது. வீடியோ கேசட் வருவதற்கு முன்னால் பிரிட்டனில் ஒரு குழந்தை டாக்டர் ஹூ கதையைத் திரும்பப் பார்க்க வேறு வழி இல்லை. 1973 முதல் டார்கெட் என்ற பெயரில் வந்த சின்னப் புத்தகங்கள்தான் கதி. டெரன்ஸ் டிக்ஸ் என்ற ஒருவரே அவற்றில் அறுபதுக்கு மேல் எழுதித் தள்ளினார். நமக்கு ரேடியோவில் ஒலிச்சித்திரமும், தியேட்டர் வாசலில் விற்ற கதை வசனப் புத்தகமும் செய்த வேலை அது. படம் கைப்பேசியிலேயே கிடைக்கும் இன்று, அந்த வேலை மட்டும் போதாது. பேருந்துக்கு நல்ல புத்தகம். மதியம் முழுக்கப் பேசத் தாங்காது.

அடுத்தது, சார்லஸ் சோல் எழுதி 2021 ஜனவரியில் வந்த 'லைட் ஆஃப் த ஜெடாய்'. ஸ்டார் வார்ஸ் உலகம்தான், ஆனால் படங்களில் வரும் காலத்துக்கு ஏறக்குறைய இருநூறு வருடம் முந்தையது. எந்தப் படத்தையும் பார்த்திருக்கத் தேவையில்லை என்பதால் காகிதத்தில் இதுதான் எங்களுக்குப் பொருத்தமான தேர்வு. நானும் இதைத்தான் முன்மொழிந்தேன். குடியேறப் போகும் மக்களை ஏற்றிய பெரிய விண்கப்பல் ஒன்று, ஒளியை முந்திப் பாயும் மீவெளிப் பாதையில் உடைகிறது. உடைந்த துண்டுகள் ஒளிவேகத்துக்கு நெருக்கமாக, உழவர்கள் வாழும் ஹெட்ஸால் என்ற கோள் மண்டலத்தை நோக்கி வருகின்றன. இத்தனை மணி, இத்தனை நிமிஷம் என்று கடிகாரம் இறங்கிக்கொண்டே வருகிறது. காவிரியில் உபரிநீர் திறக்கும்போது மேட்டூரில் கரையோர மக்களுக்கு ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விடுவார்களே, அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பகுதி நெஞ்சில் இறங்கும். யாரை முதலில் ஏற்றுவது, எந்தக் கப்பலை விடுவது என்று ஆட்கள் எடுக்கும் முடிவுகள்தான் கதை.

அப்புறம் அது இறங்கிவிடுகிறது. பெயர்கள் வருகின்றன, இன்னும் பெயர்கள் வருகின்றன, ஒவ்வொரு பெயருக்கும் வேறொரு புத்தகத்தில் தொடர்ச்சி இருக்கிறது என்று தெரிகிறது. இது தனி நாவலாகத் திட்டமிடப்பட்டதே இல்லை. பல எழுத்தாளர்கள் சேர்ந்து நாவல், படக்கதை, சிறுவர் நூல் என்று கட்டிய பெரிய வீட்டின் வாசற்படி. இசையைக் கேட்பதுபோல் பிரபஞ்ச சக்தியை உணரும் ஏவர் கிரிஸ் என்ற பெண் பாத்திரம் அபாரமான கற்பனை. அவளுக்குக் கிடைத்த பக்கங்கள் போதவில்லை. ஐம்பது பக்கச் சோதனையில் ஏழு பேரும் கை தூக்கிய ஒரே புத்தகம் இது. முழுக்கப் படித்த ரெண்டு பேரும் வேண்டாம் என்றோம். சோதனையின் ஓட்டை அப்போதுதான் தெரிந்தது.

இந்த உலகத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 1999-இல் வந்த ஒரு நாவலில், படங்களில் நாயகர்களோடு வரும் மயிர் அடர்ந்த தோழன் சூபாக்கா இறந்துபோனார், ஒரு நிலவே மேலே விழுந்து. வாசகர்கள் கொந்தளித்தார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். 2014-இல் உரிமையாளர்கள் பழைய நாவல்களை எல்லாம் மொத்தமாக 'லெஜண்ட்ஸ்' என்று ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். 2015 படத்தில் சூபாக்கா சௌக்கியமாக நடந்து வந்தார். பதினைந்து வருடம் துக்கம் காத்தவனுக்கு எப்படி இருக்கும்? தம்பிக்கு இன்னும் கோபம். ஐயா சிரித்துவிட்டு, அல்லியை ஒதுக்கிவைக்க யாருக்கும் உரிமை இல்லாமல் போனது நம் அதிர்ஷ்டம் என்றார்.

ஆனந்த் நீலகண்டன் எழுதிய 'த ரைஸ் ஆஃப் சிவகாமி' மூன்றாவது. பாகுபலி இரண்டாம் பாகம் வெளிவருவதற்கு முன்பு 2017-இல் வந்தது. படத்தில் பார்க்கும் கம்பீரமான ராஜமாதா இதில் பதினேழு வயதுப் பெண். அவளுடைய அப்பாவைத் துரோகி என்று மகிழ்மதி அரசு கொன்றுவிடுகிறது. அந்த ராஜ்ஜியத்தை அழிப்பேன் என்று சபதம் எடுத்தவள் அவள். இதைவிட நல்ல தொடக்கம் இந்த ஐந்தில் வேறு எதற்கும் இல்லை. எந்த சிம்மாசனத்தில் அவள் கடைசியில் உட்காருவாள் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. படத்தை ஏழு பேரும் பார்த்திருக்கிறோம், ஆங்கிலமும் எளிது. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அக்கா இதற்காகக் கடைசிவரை வாதாடினார். கட்டப்பாவுக்காகத்தான். அடிமையாக இருப்பதையே கடமை என்று நம்பும் இளைஞன், அதை வெறுக்கும் தம்பி சிவப்பா. ரெண்டு பேரும் ஒரே வீட்டில். படம் கட்டப்பாவின் விசுவாசத்தை வீரமாகக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. புத்தகம், அந்த விசுவாசத்துக்கு என்ன விலை, அதை யார் கொடுப்பது என்று நின்று கேட்கிறது.

ஐயா வேறு காரணத்துக்காக இதன் பக்கம் சாய்ந்தார். சிவகாமி அப்பாவின் பாழடைந்த மாளிகையிலிருந்து ஒரு சுவடியை எடுக்கிறாள், அது பைசாச மொழியில் இருக்கிறது. அந்தச் சொல்லைக் கண்டதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். குணாட்டியர் பைசாச மொழியில் எழுதியதாகச் சொல்லப்படும் பிருகத்கதையின் வழியில் வந்ததுதான் நம் கொங்குவேளிரின் பெருங்கதை. அரைமணி நேரம் உதயணன் கதை ஓடியது. டீ ஆறிப்போனது. புத்தகம் பேசவைக்கிறதா என்று கேட்டால், இது பேசவைத்தது, சந்தேகமில்லை.

பிறகு ஏன் தயங்கினோம்? நடை கரடுமுரடு. சூழ்ச்சிக்கு மேல் சூழ்ச்சி, ஆளுக்கு மேல் ஆள், ஒவ்வொரு அத்தியாயமும் பரபரப்பில் முடிந்தாக வேண்டும் என்ற அவசரம். மூன்று நூல்களில் முதலாவது என்பதால் நடுவழியில் நிற்கிறது. இன்னொன்றும் உண்டு: எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ரம்யா கிருஷ்ணன் முகம்தான் வருகிறது. பதினேழு வயதுப் பெண்ணை எழுத்து நம் கண்முன் கொண்டுவரப் பார்க்கிறது, போஸ்டர் குறுக்கே வந்து நிற்கிறது.

இப்போது எனக்குப் பிடித்தது. டான் ஆப்னெட்டின் 'ஹோரஸ் ரைசிங்', 2006. வார்ஹாமர் 40,000 என்பது 1987-இல் பிரிட்டனில் வந்த, சின்னச் சின்னப் பொம்மைகளுக்கு வர்ணம் பூசி மேஜையில் அடுக்கி ஆடும் போர் விளையாட்டு. பொம்மையை வைத்து என்ன நாவல் என்று நானும்தான் நினைத்தேன். விளையாட்டின் காலத்துக்குப் பத்தாயிரம் வருடம் முன்னால், மனிதகுலப் பேரரசரின் பிள்ளைகளில் மூத்த தளபதியான ஹோரஸ் அப்பாவுக்கு எதிராகத் திரும்பினான், பாதிச் சகோதரர்கள் அவன் பக்கம் போனார்கள் என்பது விளையாட்டில் ஏற்கெனவே உள்ள புராணம். வாசகன் எல்லோருக்கும் அது தெரியும். ஆப்னெட் செய்யும் முதல் காரியம் என்ன தெரியுமா? ஹோரஸ் பேரரசரைக் கொன்ற நாளில் நான் அங்கே இருந்தேன் என்று ஒரு வீரன் சொல்வதாகக் கதையைத் தொடங்குகிறார். திடுக்கிடுகிறோம். பிறகுதான் தெரிகிறது, அது வேறெங்கோ ஒரு கோளில், தானே பேரரசன் என்று சொல்லிக்கொண்ட இன்னொருவன். நமக்கு முடிவு தெரியும் என்பதை வைத்தே நம்மிடம் விளையாடுகிறார்.

எங்கள் பக்கத்துக் கூத்தில் துரியோதனன் படுகளம் வரைக்கும் விடிய விடிய உட்காருகிற சனம் என்ன, முடிவு தெரியாமலா உட்காருகிறது? தொடை பிளக்கப்போகிறது என்று தெரிந்தே, அதற்கு முன் அவன் பேசும் வார்த்தைக்காகக் காத்திருக்கிறார்கள். ஹோரஸ் இந்தப் புத்தகத்தில் நல்லவன். சிரிக்கிறான், யோசிக்கிறான், தம்பிமார்களை அரவணைக்கிறான். அவன் நல்லவனாக இருக்க இருக்க நமக்கு அடிவயிறு கலங்குகிறது.

படையோடு கவிஞர்களும் புகைப்படம் எடுப்பவர்களும் அனுப்பப்படுகிறார்கள், வெற்றிகளைப் பதிவுசெய்ய. பரணி பாட வந்தவன் களத்தில் உண்மையில் நடந்ததைப் பார்த்துவிட்டால் என்ன பாடுவான் என்று ஒரு கிளை அங்கிருந்து பிரிகிறது. கடவுள் இல்லை, கோயில் கூடாது என்று சட்டம் போட்ட அந்தப் பேரரசரையே ரகசியமாகக் கும்பிடும் கூட்டமும் உருவாகிறது. இதை வைத்து நம் ஊரில் எவ்வளவு நேரம் பேசலாம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐயா ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

ஆனால் வீழ்ச்சி இந்தப் புத்தகத்தில் இல்லை. இது தொடக்கம் மட்டும். எண்ணிட்டு 54 நூல்கள் 2019 வரை வந்தன, முற்றுகைப் போருக்குத் தனி வரிசை வேறு. தம்பியிடமே பாதிதான் இருக்கிறது. படுகளம் பார்க்க வந்தவனை முதல் ராத்திரியோடு வீட்டுக்கு அனுப்பினால் என்ன செய்வான்? சண்டைக் காட்சிகளும் தடித்த ஆங்கிலமும் சேர்ந்து, ஐயா நாற்பதாம் பக்கத்தில் அகராதியை மூடிவிட்டார்.

கடைசியாக, மேத்யூ ஸ்டோவரின் 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்'. 2005-இல் அதே பெயரில் ஸ்டார் வார்ஸ் படம் வருவதற்கு முந்தின மாதம் வந்த நாவல். வெறும் கதை வசனப் புத்தகம் என்று எண்ணி நான் கடைசியில் வைத்திருந்தேன். அனகின் என்ற மாவீரன், மனைவி இறந்துவிடுவாள் என்ற பயத்தில் கொடுங்கோலன் கையில் போய் விழுவது கதை. படத்தில் அந்த மாற்றம் சட்டென்று நடந்ததுபோல் இருக்கும். பார்த்தவர்கள் எல்லோருக்கும் இருக்கும் மனக்குறை அது. ஸ்டோவர் அந்த இடத்தில் இறங்கி வேலை பார்த்திருக்கிறார். செத்த நட்சத்திரத்தின் குளிர்ந்த டிராகனாகப் பயம் அவனுக்குள் சுருண்டு கிடக்கிறது. நாள்கணக்கில் தூக்கமில்லை. தூங்காதவன் யோசிக்கும் விதமாகவே வாக்கியங்கள் வருகின்றன. முக்கியமான இடங்களில் கதையை நிறுத்தி, இந்த நொடியில் இந்த ஆளாக இருப்பது எப்படி இருக்கும் என்று வாசகனையே அந்த உடம்புக்குள் உட்காரவைக்கிறார்.

டூக்கு என்ற கிழட்டுப் பிரபு படத்தில் சில நிமிஷத்தில் தலை போய்விடுகிறவர். இங்கே அந்தச் சண்டையை அவர் தலைக்குள்ளிருந்து பார்க்கிறோம்: எல்லாம் முன்பே பேசிவைத்த நாடகம், தான் கௌரவமாகச் சிறைப்படப் போகிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். தன்னையும் வைத்து ஆடியிருக்கிறார்கள் என்று புரியும்போது கை இல்லை. செனட்டர்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்கும் அரசியல், படத்தில் வெட்டிய காட்சிகளோடு போனது, நாவலில் இருக்கிறது. ஒரு குடியரசு கைதட்டலோடு எப்படிச் சாகிறது என்பதற்கு அது இல்லாமல் முடியாது.

குறை உண்டு. முதல் மீட்புப் படலம் நீளமோ நீளம். சில இடத்தில் எழுத்து தன்னைத்தானே ரசித்துக்கொண்டு நிற்கிறது. போர் எதற்காக என்பது படம் பார்க்காதவர்களுக்குப் பாதிதான் விளங்கும். ஐயாவிடம் கேட்டேன். "சண்டை எதுக்குன்னு பாதி புரியலை. அந்தப் பையன் தூங்காம கிடக்கிறது புரியுது. மிச்சத்தைப் போகப்போகப் பார்த்துக்கலாம்" என்றார்.

ஓட்டு எடுத்தோம். ஸ்டோவருக்கு நாலு, சிவகாமிக்கு ரெண்டு, ஹோரஸுக்கு ஒன்று. அந்த ஒன்று என்னுடையது இல்லை, தம்பியுடையது. நான் ஸ்டோவருக்குப் போட்டேன். நம்பிக்கை தொடங்கி நாசம் வரை ஒரே அட்டைக்குள் முடிகிற புத்தகம் ஐந்தில் அது ஒன்றுதான் கனமானது. 'ஸ்டார் பீஸ்ட்'டும் முடிகிறது, ஆனால் மூன்றாவது டீக்கு மேல் தாங்காது. உங்கள் குழுவில் எல்லோருமே ஆங்கிலத்துக்குப் புதியவர்கள் என்றால் சிவகாமியை எடுங்கள், தொடர்ச்சி வாங்கவும் தயாராக இருங்கள். வருடம் முழுக்க ஒரே உலகத்தில் இருக்க ஆசைப்படுகிற நாலு பேர் இருந்தால், ஹோரஸை விட்டுவிட்டு வேறெதற்கும் போகாதீர்கள்.

படத்தை முதலில் பார்ப்பதா, பிறகா என்று ஒரு சண்டை மிச்சம் இருந்தது. புத்தகம் முதலில், விவாதம் அடுத்து, ராத்திரி தங்கும் அறையில் லேப்டாப்பில் படம் என்று முடிவு. ஐயா மட்டும் படத்துக்கு இருக்க மாட்டேன் என்கிறார். சிவகாமி விஷயத்தில் நடந்தது போதுமாம். இந்தப் பையனுக்கு அவர் மனதில் ஒரு முகம் வந்துவிட்டதாம், அதை யாரும் கெடுக்க வேண்டாமாம்.

மலைக்குப் போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் பட ஸ்டுடியோவின் பழைய வளைவைத் தாண்டித்தான் வண்டி போகும். 1952-இல் அதன் முதலாளி டி.ஆர்.சுந்தரம் அமெரிக்கர்களோடு சேர்ந்து 'காடு' என்று ஒரு படம் எடுத்தார்; ஆங்கிலத்தில் 'த ஜங்கிள்'. ஆதிகாலத்து மயிர் அடர்ந்த யானைகள் இந்தியக் காட்டில் வருகிற கதை. சேலத்துக்காரர்களுக்குச் சொந்தமான விசித்திரப் படம் அது. அதன் நாவல் வடிவம் ஒன்று என் கையில் இருந்திருந்தால் இந்த ஐந்தையும் ஓரமாக வைத்திருப்பேன்.

ஒரு பிரதி இப்போது ஐயாவிடம், இன்னொன்று அக்காவிடம். ஆளுக்கு எட்டு நாள். பேருந்தில் ஏறியபின் கடைசி அத்தியாயத்தைப் படித்துக்கொள்ளலாம் என்று போன வருடம் தங்கச்சி நினைத்தாள். இருபது கொண்டை ஊசி வளைவு. ஏழாவதிலேயே புத்தகத்தை மூடி, பையில் எலுமிச்சம்பழம் தேடினாள். இந்த முறை அடிவாரத்திலேயே முடித்துவிட்டு வர வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று.